விண்வெளிப் பிறந்தநாளுக்கு வீட்டிலேயே செய்யும் அலங்காரங்கள்: யாழ்ப்பாணத்துப் பெற்றோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

நிலா, கோள்கள், ரொக்கெற் என்று பிள்ளை ஆசைப்பட்டுக் கேட்கும் பிறந்தநாள் அலங்காரத்தைக் கடையில் பொதியாக வாங்கி ஒரு மணி நேரத்தில் ஒட்டிவிடலாம். ஆனால் அந்தப் பொதிகளில் எல்லாக் கோள்களும் ஒரே அளவில் இருக்கும், எல்லா நட்சத்திரங்களும் மஞ்சளாக இருக்கும். நம் முற்றத்தில் நின்று பார்க்கும் வானம் அப்படி இல்லை. வீட்டிலும் வளவிலும் கிடைக்கும் பொருட்களைக் கொண்டு, பிள்ளையின் கையையும் சேர்த்து, அளவிலும் நிறத்திலும் உண்மைக்கு நெருக்கமான வானத்தை அமைப்பது எப்படி என்பதையே இந்தப் பதில்கள் சொல்கின்றன.

எத்தனை நாட்களுக்கு முன்பே வேலையைத் தொடங்க வேண்டும்?

குறைந்தது மூன்று வாரங்கள் வேண்டும். வேலை அதிகம் என்பதற்காக இதைச் சொல்லவில்லை. தாளும் பசையும் காய்வதற்கு நாள் எடுக்கும் என்பதே காரணம். ஒக்ரோபர் முதல் டிசம்பர் வரையான மாரிகாலத்தில் பிறந்தநாள் வந்தால் இன்னும் ஒரு வாரம் முன்பே தொடங்குங்கள். அந்த மாதங்களில் தடித்த பசைவேலை உள்ளே ஈரமாகவே இருந்து பூஞ்சணம் பிடித்துவிடும். சோளகம் வீசும் மாதங்களில் எல்லாம் விரைவில் காயும், ஆனால் தொங்கவிடுவது கடினமாகும். அதைக் கீழே தனியாகச் சொல்கிறேன்.

எவற்றைச் சேர்த்து வைக்க வேண்டும், எவற்றை வாங்க வேண்டும்?

பழைய பத்திரிகைகள், மட்டைப்பெட்டிகள், பால்மாப் பைக்கற்றுகள், வெற்று மீன் ரின்கள், ஒன்றரை லீற்றர் போத்தல்கள், பழைய கருநீலச் சேலை, விளக்குமாற்றில் இருந்து உருவிய ஈர்க்குகள் ஆகியவற்றை இன்றிலிருந்தே ஒரு மூலையில் சேர்த்து வையுங்கள். வாங்க வேண்டியவை கோதுமை மா, நூற்கட்டை, பலூன்கள், சில நீர்வர்ணங்கள், பட்டத்துக்கு ஒட்டும் ரிசூத் தாள், இரண்டு மூன்று பிறிஸ்ரல் மட்டைகள், பற்றறியில் எரியும் சிறு எல்.ஈ.டி. மின்குமிழ்ச் சரம் ஒன்று ஆகியவை மட்டுமே.

ரெஜிபோம் உருண்டைகள் வேலையை எளிதாக்குவது உண்மைதான். ஆனால் அவற்றை அறுக்கும்போது உதிரும் துகள்கள் வளவெங்கும் பறந்து ஒருபோதும் உக்காமல் கிடக்கும், விசிறல் பெயின்ற் பட்டால் மேற்பரப்பு உருகிக் குழிந்துவிடும். ஆகவே தாள் உருண்டைகளையே நான் விரும்பிச் சொல்வேன்.

தாளில் கோள்களைச் செய்வது எப்படி?

முதலில் பசையைக் காய்ச்ச வேண்டும். ஒரு கோப்பை கோதுமை மாவை ஒரு கோப்பை குளிர்ந்த தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்து, கொதிக்கும் நான்கு கோப்பைத் தண்ணீரில் மெல்ல ஊற்றிக் கிண்டினால் சில நிமிடங்களில் வெள்ளை நிறம் மங்கிப் பளபளப்பான பசை கிடைக்கும். பூஞ்சணத்தைத் தடுக்க ஒரு கரண்டி உப்புச் சேர்க்கலாம். புத்தகம் கட்டுபவர்கள் பூச்சி அரிக்காமல் இருக்கப் பசையில் மயில்துத்தம் கலப்பதுண்டு. அது நஞ்சு என்பதால் பிள்ளைகள் கை வைக்கும் பசையில் ஒருபோதும் கலக்கக் கூடாது.

பத்திரிகையைக் கத்தரிக்காமல் கையால் இரண்டு விரல் அகலக் கீற்றுகளாகக் கிழியுங்கள். கிழிந்த விளிம்பு மெலிந்து இருப்பதால் ஒன்றன்மேல் ஒன்று படியும்போது வரம்பு தெரியாது. ஊதிய பலூனின் மேல் கீற்றுகளைப் பசையில் தோய்த்து, வழித்துவிட்டு, குறுக்கும் நெடுக்குமாக ஒட்ட வேண்டும். முதல் நாள் இரண்டு படை போதும். அடுத்தடுத்த நாட்களில் இன்னும் இரண்டு படைகள் ஒட்டுங்கள். ஒவ்வொரு படைக்கும் பத்திரிகையின் நிறப் பக்கத்தையும் கறுப்பு வெள்ளைப் பக்கத்தையும் மாற்றி மாற்றிப் பயன்படுத்தினால் எங்கே விடுபட்டது என்று உடனே கண்ணுக்குத் தெரியும்.

காய வைக்கும் இடத்தில் கவனம் தேவை. வெயிலில் வைத்தால் பலூனுக்குள் இருக்கும் காற்று விரிந்து பலூன் வெடிக்கும், அல்லது பொழுதுபட்டதும் சுருங்கி ஈரத் தாளையும் தன்னோடு உள்ளே இழுத்துக்கொள்ளும். விறாந்தையின் நிழலில் நூலில் கட்டித் தொங்கவிடுவதே சரியான முறை. இரவில் எறும்பும் கரப்பொத்தானும் மாப்பசையைத் தேடி வரும். நூலின் மேல்முனையில் சிறிது வேப்பெண்ணெய் தடவிவிட்டால் எறும்பு இறங்காது. நன்றாகக் காய்ந்த பின் தட்டினால் வெறுமையான ஓசை கேட்கும். அப்போது பலூனைக் குத்தி வெளியே எடுத்து, அந்தத் துளைக்குள் நூல் கட்டிய சிறு ஈர்க்குத் துண்டு ஒன்றைக் குறுக்காகச் செருகினால் கோள் பாரம் தாங்கித் தொங்கும். பலூனின் வாய்ப்பக்கம் கூம்பியிருப்பதால் அங்கே கசக்கிய தாளை வைத்து உருட்டிச் சமப்படுத்துங்கள்.

சிறிய கோள்களுக்குப் பலூன் வேண்டாம். பசையில் தோய்த்த தாளைக் கசக்கி, நூலால் இறுக்கிச் சுற்றி, உள்ளங்கைகளுக்கு நடுவே உருட்டினால் போதும். நான்கு வயதுப் பிள்ளையும் இதை மகிழ்ச்சியோடு செய்யும்.

கோள்களின் அளவு சரியாக இருக்க வேண்டுமா? பிள்ளைகள் அதைக் கவனிப்பார்களா?

கவனிப்பார்கள். ஏழெட்டு வயதுப் பிள்ளை ஒன்று வியாழனுக்கு அருகே பூமியைப் பார்த்து "இவ்வளவு சின்னதா நாங்கள் இருக்கிறது?" என்று கேட்கும் கேள்விக்காகவே அளவைப் பேண வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

வியாழனை 30 சென்ரிமீற்றர் விட்டமுள்ள பலூனில் செய்வதாக வைத்துக்கொள்வோம். அதே விகிதத்தில் சனியின் உருண்டை 25 சென்ரிமீற்றர், யுரேனஸ் ஏறத்தாழ 11, நெப்ரியூன் அதைவிடச் சற்றே சிறிதாக 10 சென்ரிமீற்றருக்குக் கொஞ்சம் மேல். பூமி 2.7 சென்ரிமீற்றர் மட்டுமே. வெள்ளி 2.5, செவ்வாய் 1.4, புதன் 1 சென்ரிமீற்றர். செவ்வாய்க்கு உருண்டை செய்யாமல் பிள்ளையின் போளை ஒன்றின் மேல் ஒரே ஒரு படை தாளை ஒட்டி வர்ணம் பூசலாம். நம் சந்திரன் 7 மில்லிமீற்றர்தான். ஒரு மணியைக் கோத்துவிடுங்கள். அதைப் பூமியில் இருந்து 80 சென்ரிமீற்றர் தள்ளித் தொங்கவிட்டால் இடைவெளியும் விகிதப்படி சரியாக இருக்கும். படங்களில் அவை ஒட்டிக்கொண்டிருப்பதைப் பார்த்துப் பழகிய பெரியவர்களே இந்த இடைவெளியைக் கண்டு வியந்து நிற்பார்கள்.

சூரியனை இந்த அளவில் முழுதாகச் செய்ய இயலாது. அதன் விட்டம் ஏறத்தாழ 2.9 மீற்றர் ஆகும். சுவரின் ஒரு மூலையில் இருந்து 1.45 மீற்றர் நீளமான நூலை வைத்து வில்லாக வரைந்து, அந்தக் காற்பங்கை மஞ்சள், செம்மஞ்சள் ரிசூத் தாள்களால் நிரப்பினால் மீதியைப் பிள்ளைகள் மனதால் நிரப்பிக்கொள்வார்கள். கோள்களுக்கு இடையிலான தூரங்களை மட்டும் இந்த விகிதத்தில் காட்ட முயலாதீர்கள். பூமியைச் சூரியனில் இருந்து முந்நூறு மீற்றருக்கு மேல் தள்ளிக் கட்ட வேண்டி வரும்.

சனியின் வளையம் தொய்ந்து விழாமல் இருக்க என்ன செய்வது?

மேலே சொன்ன அளவில் வளையத்தின் வெளிவிட்டம் 57 சென்ரிமீற்றர், உள்விட்டம் 31 சென்ரிமீற்றர். அதாவது வளையம் உருண்டையைத் தொடவே தொடாது. சுற்றிவர மூன்று சென்ரிமீற்றர் இடைவெளி இருக்கும். பலர் வளையத்தை உருண்டையோடு ஒட்டிவிடுவதால்தான் அது தொப்பியின் விளிம்பாகத் தோன்றுகிறது. இரண்டு மெல்லிய மட்டைகளுக்கு நடுவே ஈர்க்குகளை ஆரைகளாக வைத்து ஒட்டினால் வளையம் தொய்யாது. அந்த ஈர்க்குகளில் நான்கினை உள்ளே நீளவிட்டு உருண்டையில் குத்திப் பொருத்துங்கள். உண்மையான சனி 27 பாகை அளவு சாய்ந்திருப்பதால் வளையத்தையும் சற்றுச் சாய்த்தே கட்டுங்கள்.

எந்தக் கோளுக்கு எந்த நிறம்?

செவ்வாயில் இருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் அதற்கு வர்ணம் வாங்கவே தேவையில்லை. வலிகாமத்துச் செம்பாட்டு மண்ணைத் துணியில் அரித்து, மாப்பசையோடு குழைத்துப் பூசுங்கள். நம் தோட்டத்து மண்ணைச் சிவக்க வைப்பது இரும்பு ஒக்சைட்டு. செவ்வாயைச் சிவக்க வைப்பதும் அதுவே. இதைச் சொல்லிக்கொண்டே பிள்ளையின் கையால் அந்த மண்ணைப் பூசச் செய்யுங்கள். இந்த அலங்காரம் முழுவதிலும் எனக்கு மிகவும் பிடித்த வேலை இதுதான்.

புதனுக்கும் சந்திரனுக்கும் அடுப்புச் சாம்பலைப் பசையில் குழைத்த சாம்பல் நிறம் பொருந்தும். வெள்ளி, அடர்ந்த முகில்களால் மூடப்பட்டு இருப்பதால் வெளிர்மஞ்சள் கலந்த வெள்ளையாக இருக்கட்டும். வியாழனுக்குப் பழுப்பு, வெள்ளை, செம்மஞ்சள் பட்டிகளைக் கிடையாகத் தீட்டி, நடுக்கோட்டுக்குக் கீழே பெருஞ்சிவப்புப் புள்ளியை முட்டை வடிவில் வரையுங்கள். அதன் நீளம் மூன்றரைச் சென்ரிமீற்றர் அளவில் இருந்தால் பூமி உருண்டையைவிடச் சற்றுப் பெரிதாக, உள்ளபடியே இருக்கும். சனிக்கு மங்கிய பொன்னிறம். யுரேனஸ் வெளிர் நீலப்பச்சை. நெப்ரியூனைக் கடும் நீலத்தில் வரைவது வழக்கமாகிவிட்டது, ஆனால் 2024ஆம் ஆண்டில் வெளியான ஆய்வு பழைய படங்களைத் திருத்திப் பார்த்து, அதுவும் யுரேனஸை ஒத்த வெளிர் நிறத்தில், சற்றே கூடுதலான நீலத்தோடு இருப்பதாகக் காட்டியிருக்கிறது. ஆகவே இரண்டுக்கும் ஒரே கலவையை எடுத்து, நெப்ரியூனுக்கு ஒரு துளி நீலம் கூட்டினால் போதும்.

சனிக் கிரகத்தைப் பிறந்தநாள் வீட்டில் தொங்கவிடுவது சரியில்லை என்று அப்பம்மா சொல்கிறார். என்ன செய்யலாம்?

அவரோடு வாதாட வேண்டாம். கோயிலில் நவக்கிரகங்களைச் சுற்றி வரும்போது சனீஸ்வரரையும் சேர்த்தே வணங்குகிறோம் என்பதை அவரும் அறிவார்; அவருடைய கவலை பிள்ளையின் நன்மை பற்றியது. சூரியனைச் சுற்றும் எட்டுக் கோள்களையும் வரிசையாகக் காட்டுகிறோம், ஒன்றை விட்டால் பிள்ளை பிழையாகப் படித்துக்கொள்ளும் என்று எடுத்துச் சொல்லுங்கள். முடிந்தால் வளையத்துக்கு ஈர்க்கு அடுக்கும் வேலையை அவரிடமே கொடுங்கள். அப்போதும் மனம் ஒப்பவில்லை என்றால் கோள்வரிசை முழுவதையும் வீட்டுக்குள் கட்டாமல் முற்றத்துப் பந்தலில் கட்டிவிடலாம்.

நவக்கிரகங்களையும் கோள்களையும் பிள்ளை குழப்பிக்கொண்டால், அந்த ஒன்பதில் சூரியனும் சந்திரனும் அடங்கும், ராகுவும் கேதுவும் கிரகணங்கள் நிகழும் இரண்டு புள்ளிகளைக் குறிக்கின்றன, தொலைநோக்கி வந்த பிறகே யுரேனஸ் 1781இலும் நெப்ரியூன் 1846இலும் கண்டறியப்பட்டன என்று விளக்கலாம்.

கறுப்புத் துணி கட்டாமல் விண்வெளியை எப்படிக் காட்டுவது?

நல்ல நாளில் கறுப்பு ஆகாது என்று கருதும் வீடுகள் இங்கே பல உண்டு. கருநீலமும் கத்தரிப்பூ நிறமும் கலந்த பின்னணி கறுப்பைவிட அழகாகவே இருக்கும். பழைய கருநீலச் சேலையை மேலே கட்டி, கீழ்ப்பகுதிக்கு ஊதா, அதற்கும் கீழே செம்மஞ்சள் என்று துணிகளை அடுக்கினால் பொழுதுபட்ட பின் பண்ணைக் கடலுக்கு மேலே தெரியும் மேற்கு வானம் சுவரில் வந்துவிடும். பல் துலக்கும் தூரிகையில் வெள்ளை வர்ணத்தைத் தொட்டு விரலால் தெறித்தால் சிறு விண்மீன்கள் விழும். சேலையை மீண்டும் உடுக்க வேண்டும் என்றால் அரிசிமாக் கரைசலைத் தெறியுங்கள், துவைத்தால் போய்விடும்.

நட்சத்திரங்களை எதில் செய்வது?

பால்மாப் பைக்கற்றின் உட்புறத்தில் இருக்கும் வெள்ளித் தகடு போன்ற தாளுக்கு இணையாக ஒளி எறியும் பொருளை எந்தக் கடையிலும் வாங்க முடியாது. வெட்டி விரித்து, கழுவி, துடைத்து, சிறு சிறு நட்சத்திரங்களாக வெட்டுங்கள். நூலில் கோத்துத் தொங்கவிட்டால் மின்விசிறிக் காற்றில் அவை திரும்பித் திரும்பி மின்னும்.

ஆனால் வெறுமனே நட்சத்திரங்களைத் தூவிவிடுவதோடு நின்றுவிடாதீர்கள். நம் பிள்ளைகள் ஒவ்வொருவருக்கும் பிறந்த நட்சத்திரம் ஒன்று இருக்கிறது. பிறந்த வேளையில் சந்திரன் வானத்தின் எந்தப் பகுதியில் நின்றதோ அந்தப் பகுதியின் பெயர் அது. கோயில் அருச்சனையில் மட்டும் சொல்லப்படும் அந்தப் பெயருக்குப் பின்னால் கண்ணால் பார்க்கக்கூடிய விண்மீன்கள் இருக்கின்றன என்பது பல பெற்றோருக்கே தெரியாது. கேக் மேசைக்குப் பின்னால் பிள்ளையின் பிறந்த நட்சத்திரத்தை நடுநாயகமாக அமையுங்கள்.

கார்த்திகை என்றால் நெருக்கமாக ஆறு சிறு விண்மீன்கள். ரோகிணி என்றால் செம்மஞ்சளான ஒரு பெரிய விண்மீனும் அதன் அருகே சிறியவை சிலவும். திருவாதிரை சிவந்த தனி விண்மீன். புனர்பூசத்துக்கு ஒளி மிகுந்த இரட்டை விண்மீன்கள். ஒன்று வெள்ளை, மற்றது சற்றே செம்மஞ்சள். சித்திரை நீலம் கலந்த வெள்ளை, சுவாதி செம்மஞ்சள். கேட்டைக்கு மூன்று, நடுவில் இருப்பது சிவப்பு. திருவோணத்துக்கும் ஒரே வரிசையில் மூன்று, நடுவில் இருப்பது வெள்ளையாகப் பெரிதாக இருக்கும். மூலம் என்றால் தேளின் வளைந்த வால். பூசம், சதயம், ரேவதி போன்றவை மங்கலான விண்மீன்கள். அவற்றுக்குச் சிறிய நட்சத்திரங்களையே வெட்டி, பின்னால் ஒரு மின்குமிழை வைத்து எடுப்பாகக் காட்டுங்கள். சிவந்த விண்மீன்கள் வெப்பம் குறைந்தவை, நீலவெள்ளை விண்மீன்கள் வெப்பம் மிகுந்தவை என்ற விளக்கத்தையும் பக்கத்தில் எழுதி ஒட்டலாம். விருந்துக்கு வரும் ஒவ்வொரு பிள்ளையும் தன் நட்சத்திரத்தைத் தேடும். அவர்களுக்கும் சில வெற்று மட்டைகளும் வெள்ளித் தாள்களும் எடுத்து வையுங்கள்.

அறைக்குள் விண்மீன்களை ஒளியாகக் காட்ட முடியுமா?

மீன் ரின் ஒன்றும் கைத்தொலைபேசியும் இருந்தால் முடியும். ரின்னை நன்றாகக் கழுவி, கூரான விளிம்பைத் தட்டி மழுக்கி, தண்ணீர் நிரப்பிக் குளிர்சாதனப் பெட்டியின் உறைபகுதியில் வையுங்கள். உள்ளே பனிக்கட்டி இருந்தால் ஆணி அடிக்கும்போது தகரம் நெளியாது. நட்சத்திரக் கூட்டத்தை ஒரு தாளில் வரைந்து, வரைந்த பக்கம் தகரத்தைத் தொடும்படி கவிழ்த்து வைத்து, பின்னால் தெரியும் புள்ளிகளில் அடியுங்கள். கவிழ்க்காவிட்டால் கூரையில் விழும் உருவம் கண்ணாடியில் பார்ப்பதைப் போல இடவலம் மாறிவிடும். ஒளி மிகுந்த விண்மீனுக்குப் பெரிய துளையும் மங்கலானவற்றுக்கு ஊசித்துளையும் போடுங்கள். அறையை இருட்டாக்கி, தொலைபேசியின் ஒளி மேல்நோக்கி இருக்கும்படி வைத்து அதன் மேல் ரின்னைக் கவிழ்த்தால் கூரையில் விண்மீன்கள் விரியும். ரோச் லைற்றைவிடத் தொலைபேசி ஒளியே இதற்கு ஏற்றது, ஏனென்றால் அது சிறு புள்ளியில் இருந்து வருவதால் உருவம் கலங்காது. ஆணி அடிக்கும் வேலையைப் பெரியவர்களே செய்ய வேண்டும்.

பிறை நிலாவை எப்படி வெட்டுவது?

மேல்நாட்டுப் படங்களில் பிறை நிமிர்ந்து நிற்கும். நாம் பூமத்திய கோட்டுக்கு அருகே, ஏறத்தாழ 9.7 பாகை வட அகலாங்கில் இருப்பதால், மூன்றாம் பிறை நமக்குத் தோணி போல ஏறக்குறையக் கிடையாகவே தெரிகிறது. இரு முனைகளும் மேல்நோக்கிச் சற்றே சாய்ந்திருக்கும்படி கட்டுங்கள்.

ரொக்கெற் செய்ய எளிய வழி எது?

பிள்ளை உள்ளே நுழையக்கூடிய பெரிய ரொக்கெற் வேண்டுமென்றால் மின்சாதனக் கடைகளில் குளிர்சாதனப் பெட்டி வந்த மட்டைப்பெட்டியைக் கேட்டுப் பெறுங்கள். அதில் வாசலும் வட்ட யன்னலும் வெட்டினால் வேலை பாதி முடிந்துவிடும். மூக்குக் கூம்புக்கு ஒரு சிறு கணக்கு இருக்கிறது: அரைவட்டத்தைச் சுருட்டினால் வரும் கூம்பின் அடிவிட்டம் அந்த அரைவட்டத்தின் ஆரைக்குச் சமமாக இருக்கும். ஆகவே 9 சென்ரிமீற்றர் அகலமுள்ள போத்தலுக்குக் கூம்பு செய்ய, 9 சென்ரிமீற்றர் ஆரையுள்ள அரைவட்டத்தை, ஒட்டுவதற்கு ஒரு விரல் அகலம் கூட்டி, வெட்டினால் போதும்.

ஓடும் ரொக்கெற் வேண்டுமென்றால் இரண்டு தூண்களுக்கு இடையே நூலை இறுக்கிக் கட்டி, அதில் ஒரு சிறு குழலைக் கோத்து, ஊதிய பலூனை அதன் கீழே ஒட்டி வாயை விட்டுவிடுங்கள். காற்று பின்னால் பாய, பலூன் முன்னால் பாயும். பிளாஸ்ரிக் உறிஞ்சு குழல்களை இலங்கை 2023 ஒக்ரோபரில் தடைசெய்துவிட்டது. காய்ந்த பப்பாசி இலைக்காம்பில் இருந்து ஒரு துண்டை வெட்டினால் அதுவே நல்ல குழல்.

இலங்கைக்கும் விண்வெளிக்கும் உள்ள தொடர்பைக் காட்ட ஏதாவது செய்யலாமா?

ராவணா-1 செய்மதியை அதன் உண்மையான அளவிலேயே செய்யலாம். இலங்கையின் அந்த முதலாவது ஆய்வுச் செய்மதி 2019 ஏப்ரலில் சர்வதேச விண்வெளி நிலையத்துக்கு அனுப்பப்பட்டு, அதே ஆண்டு ஜூனில் அங்கிருந்து சுற்றுப்பாதையில் விடப்பட்டது. அது ஏறத்தாழ 10 சென்ரிமீற்றர் பக்கமும் 11 சென்ரிமீற்றருக்குச் சற்று மேலான உயரமும் கொண்ட பெட்டி மட்டுமே, நிறை ஒரு கிலோகிராம் அளவு. ஒரு மட்டைப்பெட்டியை இந்த அளவுக்கு வெட்டி, பக்கங்களில் கருநீலத் தாளைக் கட்டங்களாக ஒட்டிச் சூரியத் தகடுகளாக்கி, இரண்டு ஈர்க்குகளை வானலை வாங்கிகளாகச் செருகினால் செய்மதி ஆயத்தம். இதைச் செய்து முடித்த பிள்ளைக்கு, விண்வெளிக்குப் போகும் பொருள் எல்லாம் பெரிய நாடுகளில் செய்யப்படும் பெரிய இயந்திரம் என்ற எண்ணம் மாறிவிடும்.

பெண் பிள்ளைக்கு இந்தக் கருப்பொருள் பொருந்துமா?

முழுமையாகப் பொருந்தும். வலன்ரினா தெரெஷ்கோவா 1963இலேயே தனியாக விண்வெளிக்குப் போய் வந்தார். கல்பனா சாவ்லா 1997இல் முதன்முறை போனார். இவர்களின் படங்களை வரைந்து, யூரி ககாரினின் படத்துக்குப் பக்கத்தில் மாட்டுங்கள். இளஞ்சிவப்பு ரொக்கெற்றைப் பிள்ளை கேட்டால் செய்து கொடுங்கள். கேட்காவிட்டால் நீங்களாகத் திணிக்க வேண்டாம்.

தலைக்கவசம் செய்வதில் கவனிக்க வேண்டியது என்ன?

காற்றோட்டம். பிள்ளையின் தலையைவிடப் பெரிதாக ஊதிய பலூனில் தாள் ஒட்டிக் கவசம் செய்யும்போது முகப்பகுதியை முழுவதும் திறந்தே வெட்டுங்கள், பின்பக்கத்திலும் இரண்டு துளைகள் போடுங்கள். முன்னால் பொலித்தீன் தாளை ஒட்டக் கூடாது. நம்முடைய புழுக்கத்தில் பத்து நிமிடத்துக்கு மேல் பிள்ளைகள் அதைப் போட்டிருக்க மாட்டார்கள் என்பதால், படம் எடுப்பதற்கு ஒன்றிரண்டு கவசங்கள் இருந்தாலே போதும். உண்மையான கவசத்தின் முகத்திரையில் சூரிய ஒளியைத் தடுக்க மெல்லிய பொன் பூச்சு இருக்கும். திறந்த விளிம்பைச் சுற்றிப் பொன்னிறத் தாளை ஒட்டினால் அதை நினைவுபடுத்தும். முதுகுப்பைக்கு இரண்டு போத்தல்களைப் பக்கம் பக்கமாகக் கட்டுங்கள்.

பனையோலையையும் குருத்தோலையையும் இதற்குப் பயன்படுத்தலாமா?

தாராளமாகப் பயன்படுத்தலாம். பனங்குருத்தோலை வெளிர்நிறமாகவும் உறுதியாகவும் இருப்பதால் நட்சத்திரம் பின்னவும், சனியின் வளையத்தைச் சுற்றிப் பொதியவும் நன்றாக ஒத்துழைக்கும். நீத்துப்பெட்டியும் கடகமும் பின்னத் தெரிந்த ஒருவர் குடும்பத்தில் இருந்தால், ஓலையில் ஐந்துமுனை நட்சத்திரம் பின்ன அவருக்கு ஒரு பிற்பகல் போதும். வாசலில் குருத்தோலைத் தோரணம் கட்டுவதானால், மங்கலத் தோரணத்துக்கும் அமங்கலத் தோரணத்துக்கும் மடிப்பு வேறு என்பதால் பழகிய பெரியவரைக் கொண்டே மடிப்பியுங்கள்.

பட்டம் கட்டத் தெரிந்தவர் ஒருவர் இருக்கிறார். அவருடைய உதவியை எப்படிப் பெறலாம்?

அப்படி ஒருவர் கிடைத்தால் வேறு எதையும் விட்டுவிட்டு அவரிடம் போங்கள். தைப்பொங்கல் அன்று வல்வெட்டித்துறைக் கடற்கரையில் ஏறும் பட்டங்களைப் பார்த்தவர்களுக்கு, மூங்கிலிலும் கமுகஞ் சலாகையிலும் எந்த உருவத்தையும் கட்டி எழுப்பலாம் என்பது தெரியும். அதே முறையில் ஒரு மீற்றர் நீள ரொக்கெற் கூட்டைக் கட்டி, ரிசூத் தாள் ஒட்டி, உள்ளே எல்.ஈ.டி. சரத்தை விட்டால் பொழுதுபட்ட பின் முற்றமே ஒளிரும். உள்ளே மெழுகுதிரியோ பழைய வகைச் சூடேறும் மின்குமிழோ வைக்கக் கூடாது. சரத்தின் பற்றறிப் பெட்டியை ஒட்டுநாடாவால் மூடிவிடுங்கள். நாணயம் போன்ற சிறு பற்றறிகளைக் குழந்தைகள் விழுங்கினால் உயிருக்கே ஆபத்து.

வாயு நிரப்பிய பலூன்கள் தேவையா?

தேவையில்லை. விற்பவர் நிரப்புவது ஹீலியமா ஐதரசனா என்று தெரியாமல் வாங்குவது ஆபத்தானது, ஏனெனில் ஐதரசன் கேக்கில் ஏற்றும் மெழுகுதிரி அருகே தீப்பற்றும். சாதாரண பலூன்களைக் கூரையில் இருந்து தலைகீழாகக் கட்டினாலே மிதப்பதாகத் தோன்றும். வெடித்த பலூன் துண்டுகளை உடனே பொறுக்கிவிடுங்கள். சிறு பிள்ளைகளுக்கு அவை மூச்சுக்குழாயை அடைத்துவிடும்.

அழைப்பிதழை எப்படி அமைக்கலாம்?

பேருந்துச் சீட்டு வடிவில், "யாழ்ப்பாணம் முதல் நிலா வரை: 384,400 கிலோமீற்றர்" என்று பிள்ளையின் கையெழுத்திலேயே எழுதச் செய்யுங்கள். பின்பக்கத்தில், 1969இல் அப்பலோ 11 இந்தப் பயணத்துக்கு நான்கு நாட்கள் எடுத்தது என்றும், சர்வதேச விண்வெளி நிலையம் யாழ்ப்பாணத்தில் இருந்து கொழும்புக்குப் போகும் தூரமான ஏறத்தாழ 400 கிலோமீற்றர் உயரத்திலேயே சுற்றுகிறது என்றும் எழுதலாம்.

முற்றத்தில் தொங்கவிட்டால் காற்றில் பிய்ந்து போகுமே?

சோளகக் காலத்தில் ஒற்றை நூலில் தொங்கும் கோள் ஒரு மணி நேரத்தில் அறுந்துவிடும். ஒவ்வொரு கோளுக்கும் மேலே இரண்டு நூல்களும் கீழே ஒன்றுமாகக் கட்டி, கீழ்நூலில் சிறு கல்லைத் தொங்கவிட்டால் அது சுழலாது. வேலியும் மதிலும் மறைக்கும் பக்கத்தைத் தெரிவு செய்யுங்கள். ரிசூத் தாள் வேலைகளை விறாந்தைக்கு உள்ளேயே வைத்துக்கொள்ளுங்கள். வீட்டுக்குள் கட்டும்போது மின்விசிறியின் இதழ்களில் இருந்து ஒரு மீற்றராவது தள்ளி இருக்க வேண்டும். நூல் சுற்றிக்கொண்டால் கோளும் போகும், விசிறியும் பழுதாகும்.

எல்லாம் முடிந்த பின் இவற்றை என்ன செய்வது?

சிறு கோள்களையும் நட்சத்திரங்களையும் வந்த பிள்ளைகளுக்குக் கொடுத்துவிடுங்கள்; தனியாகப் பரிசுப் பைகள் வாங்கும் செலவு மிச்சமாகும். பெரிய உருண்டைகளைப் பிள்ளையின் பாலர் பாடசாலையிலோ பாடசாலையிலோ கேட்டுப் பார்த்துக் கொடுக்கலாம். வைத்திருக்க விரும்பினால் மேலே ஒரு பூச்சு வாணிஷ் அடித்து, வேப்பிலை இட்ட சாக்கில் போட்டு, சுவரில் சாயாமல் வளையில் கட்டித் தொங்கவிடுங்கள். மாப்பசை சேர்ந்த தாள் என்பதால் நிலத்தில் வைத்தால் மாரிக்கு முன்பே கறையான் தேடி வரும்.